கீறல் விழுந்த பேனல்: திருப்பி அனுப்புவதா, சரிசெய்வதா, சொல்லிவிட்டுப் பூட்டுவதா?

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஆற்காட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் செய்து தரும் ஸ்டீரியோ ஆம்ப்ளிபையரின் கேபினட் அது. அட்டையைப் பிரித்து, தெர்மாகோலை எடுத்துவிட்டு, முன்பக்கப் பேனலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வால்யூம் நாப் வரும் துளைக்கு வலப்பக்கம் ஒரு அங்குல நீளத்துக்கு முடி போல ஒரு கீறல். நேராகப் பார்த்தால் தெரியவில்லை. சாய்த்தால் கருப்பின் நடுவே வெள்ளிக் கம்பியாக மின்னுகிறது.

பாட்டின் சத்தத்துக்கும் அந்தக் கீறலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அன்று மாலை முழுக்க அதை என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். காட்பாடியில் பதினைந்து வருடமாக வீடுகளுக்கும் மைக் செட்காரர்களுக்கும் ஆம்ப்ளிபையர் செய்து தருகிறேன். கேபினட், ஹீட் சிங்க், டிரான்ஸ்பார்மர், நாப் எதையும் நான் தயாரிப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்தோ வரவழைக்கிறேன். வேறு யாரோ செய்து, வேறு யாரோ ஏற்றி இறக்கிய பொருளின் குறைக்கு வாடிக்கையாளர் முன்னால் பதில் சொல்ல வேண்டியவன் மட்டும் நான். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இந்த நிலைமைதான் என்பதால், நான் முயன்று பார்த்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில், அது கண்ணுக்கு மட்டுமான குறைதானா?

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சில குறைகள் மேலோடு நின்றுவிடும். சில, உள்ளே இருக்கும் கோளாறு வெளியே தலைகாட்டுவது. இரண்டுக்கும் கீறல், கறை, நசுங்கல் என்று ஒரே பெயர்தான்.

டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கை எடுத்துக்கொள்வோம். நீண்டு நிற்கும் தகடுகளில் ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது, கருப்பு நிறம் உரசிப் போயிருக்கிறது என்றால் அது பார்வைக்கு மட்டுமே குறை. வெப்பம் வெளியேறுவதில் உணரும்படியான வித்தியாசம் வராது. அதே உரசல் டிரான்சிஸ்டர் உட்காரும் பக்கத்தில் இருந்தால் நிலைமை வேறு. 5200, 1943 என்ற எண்ணுள்ள பவர் டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகில் தெரியும் உலோகம், அவற்றின் கலெக்டர் முனையோடு சேர்ந்தது. ஐம்பது, அறுபது வோல்ட் அதில் நிற்கும். அதற்கும் எர்த் ஆன ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுப்பது ஒரு மெல்லிய மைக்கா தாள். துளை ஓரத்தில் சின்னப் பிசிறு ஒன்று நின்றாலும் ஸ்க்ரூவை இறுக்கும்போது அது மைக்காவைக் குத்திவிடும். பல நேரம் அன்றைக்கே தெரியாது. செட் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, ஒரு மாதம் கழித்துத் திருமண மண்டபத்தில் வைத்து ஃபியூஸ் போகும். அதனால் ஹீட் சிங்க் வந்தவுடன் உட்காரும் பக்கத்தை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் தட்டினால் அரமும் எமரித் தாளும் எடுக்க வேண்டிய வேலை அது.

ஃபில்டர் கெபாசிட்டரின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருப்பதைப் பலர் அழகுக் குறை என்று விட்டுவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் விட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் அலுமினிய டப்பா, எலக்ட்ரோலைட் வழியாக நெகட்டிவ் முனையோடு தொடர்பில் இருக்கும். பிளஸ், மைனஸ் என்று இரண்டு சப்ளை இருக்கும் செட்டில் மைனஸ் பக்கத்துக் கெபாசிட்டரின் டப்பா கிட்டத்தட்ட மைனஸ் சப்ளை அளவு வோல்ட்டில் நிற்கும். கிழிந்த இடம் சேசிஸை, அதாவது எர்த் ஆன உலோகச் சட்டத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கிழிசல் சின்னதாக இருந்து டப்பாவில் நசுங்கல் எதுவும் இல்லாவிட்டால் ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டுப் பயன்படுத்தலாம். டப்பா நசுங்கியிருந்தாலோ, தலை உப்பியிருந்தாலோ, அடி ரப்பர் வெளியே தள்ளியிருந்தாலோ பேச்சே இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

டிரான்ஸ்பார்மரில் வார்னிஷ் வழிந்து காய்ந்திருப்பதும், தகடுகளின் விளிம்பில் லேசாகத் துரு பிடித்திருப்பதும் பார்வைக் குறைகள். காயிலைச் சுற்றிய டேப் கிழிந்திருப்பதும், வீட்டுக் கரண்ட் வரும் பிரைமரி வயரின் உறை வெட்டுப்பட்டிருப்பதும் அப்படியல்ல. சந்தேகம் வந்தால் பிரைமரிக்கும் இரும்புக் கோருக்கும் நடுவே, இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்ப்பேன். புது டிரான்ஸ்பார்மரில் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டாவிட்டால் நான் பூட்டுவதில்லை.

டிரான்சிஸ்டரின் எழுத்து மங்கலாக இருப்பது இன்னொன்று. மேல்பரப்பு தேய்த்தது போல இருக்கிறது, ஒரே பையில் வந்த பத்தில் கால்களின் பளபளப்பு ஆளுக்கொரு விதமாக இருக்கிறது என்றால், பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண் அச்சடித்த போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சப்ளையர் போனில் “பிரிண்டிங் மிஸ்டேக்தான் சார், வேலை செய்யும்” என்பார். டெஸ்ட் பெஞ்சில் வேலை செய்யும்தான். முழு லோடில் இரண்டு மணி நேரம் ஓடினால்தான் உண்மை தெரியும்.

இதெல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான அழகுக் குறை. இனி அதைப் பற்றி.

சொல்லாமல் பூட்டிவிடுவது

இதுதான் மிகச் சுலபமான வழி. செலவில்லை, தாமதமில்லை, பத்தில் எட்டுப் பேர் கவனிக்கவும் மாட்டார்கள். ஏழு வருடம் முன்பு சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக்குச் செய்த செட்டில் நான் இதைத்தான் செய்தேன். பேனலின் இடது ஓரத்தில் லேசான உரசல். ட்யூப்லைட் வெளிச்சத்தில் எனக்கே தேட வேண்டியிருந்தது. கொண்டுபோய்க் கொடுத்து, ஸ்பீக்கர் இணைத்து, காபி குடித்துவிட்டு வந்தேன். அவர்கள் செட்டை வைத்தது மேற்குப் பார்த்த ஜன்னல் பக்கம். மாலை வெயில் சாய்வாக விழுந்ததும் உரசல் கோடு கோடாகத் தெரிந்திருக்கிறது. மறுநாள் போன் வந்தது. அவர் கோபப்படவில்லை. “தம்பி, இது வண்டியில வரும்போது ஆச்சா, இல்ல உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

தெரியும் என்று சொன்னேன். பேனலை மாற்றிக் கொடுத்தேன். பார்சலைப் பிரித்த அன்றே மாற்றியிருந்தால் இருபது நிமிட வேலை. பூட்டிய செட்டில் நாப், வால்யூம் கன்ட்ரோல், மீட்டர், சுவிட்ச், எல்இடி என்று எல்லாவற்றையும் கழற்றி, வயர்களை அடையாளம் வைத்துப் பிரித்து, மறுபடி சேர்த்து, மறுபடி டெஸ்ட் செய்ய ஒரு முழு நாள் போனது. அதைவிட, இரண்டு வருட வாரண்டியில் அவர் ஒவ்வொரு முறை போன் செய்தபோதும் நான் சொன்னதை நம்புகிறாரா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. கீறலை மறைத்தவன் சோல்டரிங்கில் எதை மறைத்தானோ என்று ஒருவர் நினைத்தால் அதில் தப்பில்லை. அவர் திறந்து பார்க்க முடியாத பெட்டிக்குள் நடக்கும் வேலைக்குத்தானே காசு கொடுக்கிறார்.

இந்த வழியை நான் விட்டுவிட்டேன்.

திருப்பி அனுப்புவது

வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூரு 210. தேசிய நெடுஞ்சாலை 48 இரண்டையும் இணைத்து ஊரை ஒட்டியே போகிறது. இரவு பார்சல் போட்டால் காலையில் சப்ளையர் கடையில் இருக்கும். அதனால் திருப்பி அனுப்புவதில் தூரம் பெரிய தடை இல்லை. மாற்றுப் பேனல் அவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் மூன்று நாள். அடுத்த லாட் அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து நிறம் ஏற்றுவது) ஆகி வர வேண்டும் என்றால் மூன்று வாரமும் ஆகலாம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொருளைப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது அதன் 41ஆம் பிரிவு. 42ஆம் பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது: வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ, விற்றவரின் உரிமைக்கு ஒவ்வாத காரியம் எதையாவது அந்தப் பொருளில் செய்தாலோ, ஏற்றுக்கொண்டதாகிவிடும். என் வேலையில் அதற்கு அர்த்தம் ரொம்ப நேரானது. பேனலில் ஒரு துளை கூடுதலாகப் போட்டுவிட்டால் அது என்னுடையது. கீறல் அவருடையதா, என் மேஜையில் விழுந்ததா என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே பார்சல் வந்த அன்றே பிரிக்கிறேன். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுக்கிறேன். அட்டையின் ஆறு பக்கமும், லேபிளும், கீறலும் ஒரே காட்சியில் வர வேண்டும். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு சப்ளையர்களோடு வாக்குவாதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. “அனுப்ப வேணாம் சார், வெச்சுக்குங்க, அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்” என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிக் கழிக்கும் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் என்று ஜோடியாகச் செய்யும்போது ஒரு பேனலை மட்டும் மாற்றக் கேட்காதீர்கள். சாயம் ஏற்றிய அனோடைசிங்கில் லாட்டுக்கு லாட் நிறம் மாறும். ஒரு கருப்பு நீலம் பாய்ந்திருக்கும், மற்றது செம்மை பாய்ந்திருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல கருப்பு. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கீறலைவிட மோசமாகத் தெரியும். கேட்டால் இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நாமே சரிசெய்வது

கை வேலை தெரிந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் எந்த மேல்பூச்சு என்பதைப் பொறுத்தே இது நடக்கும்.

வெறும் அலுமினியத்தில் பிரஷ் செய்த பேனலாக இருந்தால் சரிசெய்யலாம். பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டையை ஒரு கட்டையில் சுற்றி, கோடு ஓடும் திசையிலேயே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு திட்டு விழுந்துவிடும்.

அனோடைஸ் செய்ததில் இது பலிக்காது. அந்தக் கருப்பு, மேலே பூசிய வண்ணம் அல்ல. அலுமினியத்திலிருந்தே வளர்த்தெடுத்த ஆக்சைடு படலத்தின் நுண்துளைகளில் சாயம் இறங்கியிருக்கிறது. படலத்தின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான். கீறல் அதைத் தாண்டி உலோகத்தைத் தொட்டுவிட்டால் ஒட்டுப்போட வழியில்லை. கருப்பு மார்க்கரால் தடவுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். அறைக்குள் நன்றாக மறையும். வெயிலில் ஊதா அடிக்கும். முழுதாகச் செய்ய வேண்டுமென்றால் காஸ்டிக் சோடாவில் பழைய படலத்தைக் கரைத்து மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும். அதில் அச்சடித்த எழுத்து போய்விடும், செதுக்கிய எழுத்து மழுங்கும். ஒரே ஒரு பேனலுக்கு அந்தப் பாடு தகாது.

பவுடர் கோட்டிங், அதாவது பவுடர் வண்ணத்தைத் தூவிச் சூளையில் உருக்கி ஒட்டவைப்பது, நமக்குப் பக்கத்திலேயே நடக்கும் வேலை. ராணிப்பேட்டையில் நான் போகும் பட்டறை பாய், ஒன்றிரண்டு சேசிஸ் என்றாலும் முகம் சுளிக்காமல் வேறு வேலையோடு சேர்த்து அடுப்பில் தொங்கவிடுவார். கேபினட் மூடி, பக்கத் தகடு இவற்றில் உரசல் என்றால் திருப்பி அனுப்புவதைவிட இதுவே எனக்குச் சௌகரியம். மூன்றைக் கவனிக்க வேண்டும். சூளையில் 180 முதல் 200 டிகிரி வரை போகும் என்பதால் ரப்பர் கால், பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். பூச்சு 60 முதல் 80 மைக்ரான் வரை ஏறுவதால் துளைகள் இறுகும், ஸ்க்ரூ மரை அடைபடும். மூன்றாவதுதான் முக்கியம். பவுடர் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, அனோடைசிங்கும் அப்படித்தான். எர்த் பாயிண்டில் பூச்சைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மூடிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்காமல் செட்டை மூடக்கூடாது. அழகுக்காகச் செய்த வேலை ஆளை ஷாக் அடிக்கும்படி ஆகிவிடக் கூடாது.

வேறு இடத்தில் வைப்பது

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஒரு முறை என் மேஜையில் இரண்டு பேனல்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முள் கீறிய தழும்பும், உண்ணி கடித்த புள்ளியும் இல்லாத தோல் அபூர்வம் என்றார். சுத்தமான தோல் ஷூவின் முன்பக்கத்துக்குப் போகும். தழும்பு உள்ள தோல் உள்பக்கத்துக்கோ, தேய்த்து நிறம் பூசும் ரகத்துக்கோ போகும். “மாடு பாவம் ஒண்ணுதான் தம்பி, இடம்தான் வேற” என்றார். தழும்பால் தோல் கிழிந்துவிடாது. எதை எங்கே வைப்பது என்று தெரிந்தவருக்குத்தான் தோல் மண்டியில் சம்பளம்.

ஆம்ப்ளிபையரிலும் இதற்கு இடமுண்டு. பக்கம் உரசிய ஹீட் சிங்கை உள்ளே வரும் டிசைனில் போடலாம். விளிம்பு நசுங்கிய அடித்தகடு கீழேதான் இருக்கப் போகிறது. பத்து நாபில் ஒன்றில் புள்ளி இருந்தால் அது என் டெஸ்ட் செட்டுக்கு. இதற்காகவே நாப், டெர்மினல், ஸ்க்ரூ போன்ற சில்லறைச் சாமான்களைத் தேவைக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்கிவிடுவேன். பத்து ரூபாய் சாமானுக்காகச் சப்ளையரோடு பேசும் நேரம் அதைவிட விலை அதிகம். பேனல், டிரான்ஸ்பார்மர் போன்ற பெரிய சாமானில் அப்படி வாங்கி வைக்க என் மாதிரி ஆளிடம் முதல் இல்லை.

வாடிக்கையாளரிடம் கேட்பது

என் தீர்மானம் இதுதான்: வெளியே தெரியும் குறை எதுவானாலும், முதல் ஸ்க்ரூ போடும் முன்பு வாடிக்கையாளரிடம் காட்டிக் கேட்டுவிட வேண்டும். மற்ற வழிகளில் எதை எடுப்பது என்பதை அவர் சொல்லும் பதில்தான் முடிவு செய்யும்.

குடியாத்தத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்கு ஆயிரம் வாட் செட் செய்தேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஊரே திரளும் அந்த நாளுக்கு முன்னால் செட் கையில் இருக்க வேண்டும். பத்து நாள் இருக்கும்போது வந்த கேபினட்டின் மூலை நசுங்கியிருந்தது. போட்டோ அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “லாரியில ஏத்தி இறக்குனா நாலு நாள்ல நானே நசுக்கிடுவேன், நீ சத்தத்தைப் பாரு.” சப்ளையர் கழித்துக் கொடுத்த முந்நூறு ரூபாயை அவர் பில்லில் கழித்தேன். குறையை ஏற்றுக்கொண்டவர் அவர்தான், ஆகவே பணமும் அவருடையது. இதை நாமே வைத்துக்கொள்வதற்குக் காரணங்கள் சொல்லிக்கொள்ள முடியும். அவற்றில் ஒன்றைக்கூட அவர் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது.

மின்னணு அசெம்பிளிகளை ஏற்பதா தள்ளுவதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐபிசி-ஏ-610 தரமும், பொருள் எங்கே என்ன வேலைக்குப் போகிறது என்பதை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்துத்தான் அளவுகோல் வைக்கிறது. மைக் செட்டையும் வரவேற்பறைச் செட்டையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இவர் மைக் செட்காரர், கண்டுகொள்ள மாட்டார் என்று நாமாக முடிவு செய்வது வேறு, அவரே சொல்வது வேறு. வாலாஜாவில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் தன் செட்டுகளை உறை போட்டுக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். அவருக்கு நசுங்கிய மூலையை அனுப்பியிருந்தால் அதோடு போயிருக்கும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “சின்னக் கீறல், தெரியவே தெரியாது, பரவாயில்லையா?” என்று கேட்டால் சரி என்பதைத் தவிர அவர் வேறெதையும் சொல்லக் கூச்சப்படுவார். கீறல் நன்றாகத் தெரியும்படி வெயிலில் ஒரு போட்டோ, கையெட்டும் தூரத்திலிருந்து ஒரு போட்டோ, இரண்டையும் அனுப்புவேன். மாற்றினால் இத்தனை நாள் தள்ளும், அப்படியே போட்டால் இத்தனை ரூபாய் குறையும், இரண்டும் எனக்குச் சம்மதம் என்று எழுதுவேன். நாளும் ரூபாயும் சேர்ந்து இருந்தால்தான் அவர் யோசிக்க முடியும்.

குறை உள்ளே, எப்போதும் தெரியாத இடத்தில் இருந்தால்? வார்னிஷ் வழிந்த டிரான்ஸ்பார்மருக்கெல்லாம் போன் செய்து அவரைப் பதறவைக்கத் தேவையில்லை. மூடும் முன் உள்ளே எடுத்த போட்டோக்களை அனுப்பும்போது ஒரு வரி சேர்த்துவிடுவேன். பின்னாளில் வேறு மெக்கானிக் திறந்து ஏதாவது சொன்னாலும் அவருக்கு அது புது விஷயமாக இருக்காது.

ஆற்காட்டு ஆசிரியருக்கு இரண்டு போட்டோவும் அனுப்பினேன். அவர் போனில் பார்க்க மாட்டேன் என்று பஸ் ஏறி நேரே வந்துவிட்டார். பேனலை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “தம்பி, தினமும் வால்யூமை இங்கதானே தொடப் போறேன். மாத்திடலாம். அவசரமில்லை” என்றார். பதினேழு நாள் ஆனது. புதுப் பேனல் நேற்று வந்தது. நாபை வைத்து வெயிலில் பார்த்தேன், நிறம் ஒத்துப்போகிறது. பழையதைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சப்ளையர் சொல்லிவிட்டார், அது என் டெஸ்ட் செட்டுக்கு முகமாகிவிட்டது. இன்று காலை புது சேசிஸில் எர்த் பாயிண்டைச் சுரண்டி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்பார்மரை இறக்கியிருக்கிறேன்.